பவுலின் வேகமும் என் முட்டியும்

6 ஜனவரி 2025, திங்கள்

எழுபத்தோராவது சுற்று முடிந்தது. வழியில் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தேரடித் தெரு பூக்காரம்மா, "தங்கச்சிக்காக இப்படி நடக்கிற அக்கா இந்தக் காலத்துல யாரு இருக்காங்க"னு கண்கலங்கி, அரை முழம் மல்லியைச் சும்மாவே கொடுத்தாள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வெட்கம் இருந்தால் வாங்கியிருப்பேனா?

இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதுகிறேன். ஒன்றரை வருஷம் முன்னால், தங்கை தனத்துக்குக் கர்ப்பப்பைக் கட்டியை அறுத்துக்கொண்டிருந்தபோது, வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று வேண்டிக்கொண்டேன்: நூற்றெட்டு முறை மலையைச் சுற்றுகிறேன். வெறுங்காலில், வாரம் ஒரு தடவை, பதினாலு கிலோமீட்டர். சாதாரணக் கட்டி என்று வந்தது. பத்தொன்பது சுற்று ஒழுங்காக நடந்தேன். இருபதாவதில், அடி அண்ணாமலை வந்ததும் வலது முட்டி 'நான் வரலை' என்று உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, தெரிந்த ஆட்டோக்காரன் சர்தார் வண்டியோடு வந்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து கோபுர வாசலில் தொடங்கி அடி அண்ணாமலை வரை என் கால். அங்கிருந்து குபேர லிங்கம் வரை சர்தாரின் ஆட்டோ. அப்புறம் ஊருக்குள் மறுபடி என் கால். பௌர்ணமியில் கூட்டம் ஜாஸ்தி, அதனால்தான் திங்கட்கிழமை நடக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் ஆட்டோ விடமாட்டார்கள் என்பது எனக்கும் சர்தாருக்கும் மட்டும் தெரிந்த காரணம்.

இந்த லட்சணத்தில் பத்திரிகையில் வாராவாரம் நகைச்சுவைப் பக்கம் வேறு எழுதுகிறேன். மாசம் ஒரு தடவை அதில் என் கிரிவலம் வரும். கொப்புளம் வரும், வேர்வை வரும். ஆட்டோ வராது.

9 ஜனவரி, வியாழன்

மாடி அறைக்கு ஆள் வந்தாகிவிட்டது. துருக்கிக்காரர், பெயர் நெர்மின், வயசு அறுபத்தொன்று. "ஆசிரமத்துக்கா மேடம்?" என்று கேட்டேன். "இல்லை, நடப்பவர்களைப் பார்க்க." முப்பத்து நாலு வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவராம். (அவர் பேசுவது இங்கிலீஷ். இங்கே இருப்பது என் தமிழ்.) வெள்ளை உடை கிடையாது, கழுத்தில் கொட்டை கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு புன்னகை கிடையாது. எங்கள் தெருவில் இந்த சீசனில் நான் பார்த்த முதல் சாதாரண மனுஷி.

முன்பு குடியிருந்த பிரெஞ்சு அம்மாவிடமிருந்து கடிதம் ஒன்று கொண்டுவந்திருந்தார்: இவர் நல்லவர், மொட்டை மாடிக் கதவைச் சாத்திவிட்டு வருவார், குரங்குக்குச் சோறு போடமாட்டார். வேறென்ன வேண்டும்?

11 ஜனவரி, சனி

கடிதத்தோடு வந்தீர்களே என்று கேலி செய்தேன். நெர்மின் அதையே பாடமாக்கிவிட்டார். ரோமானியர் காலத்தில் ரோடு பிரமாதமாம், சத்திரம் படுமோசமாம். மூட்டைப்பூச்சி, திருடன், இன்னும் எழுதக்கூடாத சங்கதிகள். அதனால் ஆதிக் கிறிஸ்தவர்கள் ஊர் ஊராகப் போகும்போது தெரிந்தவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, தம் கூட்டத்தார் வீட்டில் தங்குவார்களாம். கடிதம் என்று வந்துவிட்டால் போலியும் வரும்தானே. எனவே ஒரு விதி வைத்தார்கள்: ஊர் சுற்றும் உபதேசி ஒரு நாள் தங்கலாம், அவசியமென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் இருந்தால் அவன் பொய்க்காரன்.

இந்த விதியை, உபதேசிகள் நிறைந்த எங்கள் செங்கம் ரோட்டில் அமல்படுத்தினால் பாதித் தெரு காலி. நெர்மினுக்கே இன்று மூன்றாம் நாள்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். (திங்களன்று பௌர்ணமி, சுற்று இல்லை.) வடை கொடுத்து நெர்மினின் வாயைக் கிளறினேன். ரோமானிய ரோடுகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். ஆயிரம் இரட்டையடி ஒரு மைல், மைலுக்கு ஒரு கல்தூண். தூணில் சக்கரவர்த்தியின் பட்டங்களையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டுக் கடைசி வரியில் எத்தனை மைல் என்று போட்டிருப்பார்களாம். நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் பேனர்தான், கல்லில்.

ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. அது பவுலைப் பற்றி. கிறிஸ்துவின் செய்தியைச் சுமந்துகொண்டு அந்த ரோடுகளில் அலைந்தவர். ஒரு தடவை கூட வந்தவர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு, அடுத்த துறைமுகத்துக்குத் தான் மட்டும் தரைவழியாகப் போயிருக்கிறார். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கப்பல் முனையைச் சுற்றி வந்தது, இவர் அங்கே போய் ஏறிக்கொண்டார். ஏன் தனியாகப் போனார், எத்தனை நேரம் பிடித்தது, ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பேராசிரியர்கள் ராணுவ வீரனின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்களாம். நெர்மினுக்கு அதில் கோபம். "பவுல் வீரரா? நடுத்தர வயசு, அடிபட்ட உடம்பு, நடந்து பழகிய கால். அந்த மாதிரி மனிதர்கள் இன்றைக்கும் வழக்கமாக நடக்கிற ஊர் எது என்று தேடினேன். உங்கள் ஊர் கிடைத்தது."

ஐம்பதை ஒட்டிய ஆறு பேர் வேண்டுமாம். பூக்காரம்மாவும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இன்னும் மூன்று.

இவர் — பாலாஜி, என் வீட்டுக்காரர், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை — வாயில் வடையோடு சொன்னார்: "எதுக்கு மேடம் வெளிய தேடறீங்க? இவளே எழுபத்தொண்ணு முடிச்சவ."

நெர்மின் என்னைப் பார்த்தார். புதையலைத் தோண்டி எடுத்தவர் அப்படித்தான் பார்ப்பார்.

16 ஜனவரி

முட்டி வலி என்று சொல்லிவிடலாமா? எழுபத்தொரு சுற்றில் வராத வலி இப்போது எப்படி வந்தது என்று கேட்டால்?

20 ஜனவரி, திங்கள்

ஆளுக்கொரு கிழமை, ஆளுக்கொரு அட்டை. என் அட்டையில் பெரிதாக 4. பாதையில் உள்ள எட்டு லிங்கக் கோயில்களுக்கும் எட்டுக் கட்டங்கள். தாண்டும் நேரத்தை எழுத வேண்டும். நெர்மினுக்கு அவைதான் மைல்கற்கள்.

விடிகாலை நான்கே முக்காலுக்குக் கிளம்பினேன். இன்று நடந்தே தீருவது என்றுதான் கிளம்பினேன், சத்தியமாக. வருண லிங்கம் வரை சத்தியம் தாங்கியது. அடி அண்ணாமலையில் சர்தார் வண்டியோடு நின்றான்.

"இன்னாக்கா கையில, பரீட்சை அட்டை மாதிரி?"

"எந்த லிங்கத்த எத்தன மணிக்குத் தாண்டுறேன்னு எழுதணும் சர்தார்."

"அப்ப இன்னிக்கு நடக்கப் போறீங்களா?"

முட்டியைக் கேட்டேன். அது பதில் சொல்லும் நிலையில் இல்லை. "கொஞ்சம் மெதுவா ஓட்டேன்," என்றேன்.

"எவ்ளோ மெதுவாக்கா? நடக்கிற மாரியா? வண்டி ஆஃப் ஆயிடும்."

வாயு லிங்கத்தைத் தாண்டியபோது மணி 7.21. நடந்திருந்தால் எத்தனை மணியாகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு 7.42 என்று எழுதினேன். பிறகு குபேர லிங்கத்துக்கு எதிரே டீக்கடையில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தேன், கணக்கு நேராகும் வரை. மூன்று பஜ்ஜி, ஒரு பேப்பர், கடைக்காரரின் மருமகள் கதை முழுவதும். நடக்காத நேரத்தைக் கழிப்பது நடப்பதைவிடக் கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைசி மூன்று கிலோமீட்டரைக் கல்யாணப் பெண் மாதிரி நடந்து முடித்தேன். மொத்தம் நான்கு மணி ஐந்து நிமிடம்.

21 ஜனவரி

நெர்மின் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மணி, கடைசியில் உங்கள் வேகம் கூடியிருக்கிறதே?" (மணி என்றது என்னை, கடிகாரத்தை இல்லை.)

"அப்படியா?" என்றேன். நடிப்பு நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

27 ஜனவரி, திங்கள்

இந்தத் தடவை கடைசிப் பகுதியை வேண்டுமென்றே மெதுவாக நடப்பது என்று திட்டம். காலைக்கூட இழுத்தேன். ஈசான்ய லிங்கத்தருகே என் சம்பந்தி வழி உறவுக்காரி ஒருத்தி எதிர்ப்பட்டாள். அவள் முன்னால் நொண்டினால் நாளைக்கே ஆரணி வரைக்கும் செய்தி போகும். நிமிர்ந்து விறுவிறு என்று நடந்துவிட்டேன்.

மறுபடியும் வேகம் கூடிவிட்டது.

5 பிப்ரவரி, புதன்

போன திங்களோடு என் அட்டைகள் மூன்று. நெர்மின் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, சுவரில் ஒட்டிய வரைபடத்தைக் காட்டினார். ஆறு கோடுகள். ஐந்து கோடுகள் அடி அண்ணாமலை தாண்டியதும் வாடிப்போய்க் கீழே இறங்குகின்றன. ஒன்று மட்டும் குபேர லிங்கத்திலிருந்து ஜம்மென்று மேலே ஏறுகிறது. சிவப்பு மையில் 4.

"மற்ற ஐந்து பேரும் புண்ணியத்துக்காக நடக்கிறவர்கள். நீங்கள் ஒருவர்தான் இன்னொருவருக்காக வேண்டிக்கொண்டு நடக்கிறீர்கள். முடிவு நெருங்க நெருங்க உடம்பு களைப்பை மறந்துவிடுகிறது. பவுலும் யாருக்காகவோதான் போனார். அந்தப் பாதையில் அவர் கடைசி மைல்களில் வேகம் எடுத்திருக்க வேண்டும்."

பதிப்பாளருக்கு எழுதிவிட்டாராம். அவர்கள் துள்ளுகிறார்களாம். பின்னட்டையில் இதைத்தான் போடப் போகிறார்களாம். அத்தியாயம் இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி போயாக வேண்டும்.

கீழே இறங்கி வந்து ஊறுகாய் ஜாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த ஜாடிதான். மூன்று பஜ்ஜியின் பலத்தை ஒரு அப்போஸ்தலர் தலையில் கட்டியிருக்கிறேன்.

8 பிப்ரவரி, சனி

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "ரிட்டையர் ஆன இன்ஜினியருக்கு எதுக்கு மேடம் பவுல்?"

முப்பது வருஷம் முன்னால், அவர் ஊர்ப் பக்கம் ஒரு ரோட்டை அகலப்படுத்தியபோது மண்ணுக்கடியில் ரோமானிய ரோடு வந்திருக்கிறது. பெரிய பெரிய கல், வண்டிச் சக்கரத் தடம் பதிந்து. மேலதிகாரிக்கு அவசரம். ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் வேலை இரண்டு வருஷம் நிற்கும். நெர்மினிடம் ஒரு தாளை நீட்டினார்கள். 'ஆழம் நாற்பது சென்டிமீட்டர், மண் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மேலே தார் விழுந்தது.

"அந்தக் கல்லில் யார் யார் நடந்தார்களோ. நான் ஒரு வரி எழுதினேன், எல்லாம் போய்விட்டது. அதனால் இந்தப் புத்தகத்தில் நான் சரிபார்க்காத ஒரு எண்கூட இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் எண்களைத் தவிர. அவற்றைச் சரிபார்க்கத் தேவையில்லை."

9 பிப்ரவரி

சோறு இறங்கவில்லை. இவர் கேட்டார், "கேஸ் ட்ரபிளா?" ஆமாம் என்றேன்.

10 பிப்ரவரி, திங்கள்

அடி அண்ணாமலை வரை வந்தேன். சர்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மீட்டர் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் துணியால் துடைத்தான்.

"இவ்ளோதானேக்கா. போயிச் சொல்லிடுங்க. இன்னா பண்ணிடும் அந்த அம்மா?"

"தனத்துக்குத் தெரிஞ்சா?"

"அது வேற கேஸு," என்றான். "அதுக்கு நான் வர மாட்டேன்."

அட்டையைக் காலியாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தேன், முழுசாக.

13 பிப்ரவரி, வியாழன்

சொல்லிவிட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாக. முட்டி, சர்தார், 7.42, பஜ்ஜி.

நெர்மின் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பஜ்ஜி வந்த இடத்தில் மேஜையைத் தட்டினார். "பாலாஜி சொன்னார், இந்த ஊரிலேயே பெரிய நகைச்சுவை எழுத்தாளர் நீங்கள்தான் என்று. இப்போதுதான் நேரில் பார்க்கிறேன்."

"இது காமெடி இல்ல மேடம்."

"தெரியும், தெரியும். உங்கள் நாட்டில் யாரும் தன் நல்ல காரியத்தை ஒப்புக்கொள்வதில்லை. அடக்கம்."

இருபது வருஷம் ஜனங்களைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டிருக்கிறேன். பாதி தடவை ஒருத்தர்கூடச் சிரித்ததில்லை. இன்றைக்குத்தானா வேலை செய்ய வேண்டும்?

15 பிப்ரவரி, சனி

நேற்று நெர்மின் விளையாட்டாகச் சர்தாரிடம் கேட்டிருக்கிறார், மணி உன் வண்டியில் ஏறுவாளா என்று. அவன் நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரிந்த சவாரி இங்கிலீஷில், "அக்கா காலுதான் மேடம் வண்டி"னு சொல்லியிருக்கிறான். இன்று பிடித்து உலுக்கினேன்.

"ஏம்பா அப்படிச் சொன்ன?"

"இன்னாக்கா பேசறீங்க? வெளியூரு அம்மா வந்து உங்களப் பத்திக் கேக்குது. நான் வுட்டுக் குடுப்பனா?"

"நானேதானே அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"நீங்க சொல்லலாம். நான் சொல்லலாமா?"

அவனிடம் எப்போதும் பதில் இருக்கிறது.

சொல்லி நம்பவைக்க முடியாது. காட்டத்தான் வேண்டும். திங்கட்கிழமை கூட நடக்க வாருங்கள் என்று நெர்மினைக் கூப்பிட்டுவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நமக்கு முட்டிக்கு உறை வாங்க வேண்டும்.

17 பிப்ரவரி, திங்கள்

இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான்கே முக்காலுக்குத் தொடங்கினோம். நெர்மின் செருப்போடு வந்தார் ("பவுலும் போட்டிருந்தார்"). எம லிங்கம் வரை ரோடு, சரளை, சரிவு என்று பேசிக்கொண்டே வந்தார். செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பியதும் என் மூச்சைக் கேட்க ஆரம்பித்தார். அடி அண்ணாமலையில் 7.25. அங்கே கல்வெர்ட்டில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு தடவை முயற்சி செய்தேன், மூன்றாவது தடவை அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். சர்தார் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, எங்களைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின் சீட்டைப் பார்த்தேன். ஜென்மத்தில் எந்த ஆம்பிளையையும் அப்படிப் பார்த்ததில்லை.

நடந்தேன். வாயு லிங்கம் 8.20.

நெர்மின் அங்கே நின்றுவிட்டார்.

"அன்றைக்கு இங்கே 7.42 என்று எழுதினீர்கள். அது எங்கிருந்து வந்தது?"

"ஆட்டோல போகும்போது மனசுல கணக்குப் போட்டேன்."

"நன்றாகப் போட்டிருக்கிறீர்கள்," என்றார். "நாற்பது சென்டிமீட்டர் என்று நான் போட்டது மாதிரியே."

அதற்குப் பிறகு நேரத்தை அவரே எழுதினார். குபேர லிங்கம் 9.25. டீக்கடைக்காரர் சிநேகமாக, "இன்னாம்மா, வழக்கமான பஜ்ஜியா?"னு கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நெர்மினுக்குத் தமிழ் தெரியாது, பஜ்ஜி தெரியும். கோபுர வாசல் 10.23. ஐந்து மணி முப்பத்தெட்டு நிமிடம். கடைசிப் பகுதியில் என்னை ஒரு ஆடு தாண்டிப் போனது.

18 பிப்ரவரி

நெர்மின் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. வாசலில் வைத்த காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

19 பிப்ரவரி, புதன்

இன்று பார்த்துத் தனம் வர வேண்டுமா? கருவாட்டுக் குழம்பு தூக்குவாளியோடு வந்து உட்கார்ந்தாள். அந்தச் சமயம் நெர்மின் கையில் அட்டைகளோடு இறங்கி வந்தார். முகத்தில் தூக்கம் இல்லை.

"மொத்தத்தில் முழுசாக நடந்தது பத்தொன்பது மட்டும்தானே? சரியாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

தனம் என்னைப் பார்த்தாள். "மேடம் இன்னா சொல்றாங்க? நைன்டீன்னு காதுல விழுது."

சொன்னேன். வேறு வழி? தனம் தூக்குவாளி மூடியை மெதுவாகத் திருகி மூடினாள்.

"அப்ப நான் பொழைச்சது?"

"டாக்டராலதான்டி…"

"டாக்டருக்குச் சேர வேண்டியத அன்னிக்கே குடுத்தாச்சு. சாமிக்கு யாரு குடுக்கிறது? ஆட்டோக்காரனா?" முந்தானையை இழுத்துச் செருகினாள். "வருஷம் பூரா ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போகும்போது, அக்கா நடக்குது, நமக்கு ஒண்ணும் ஆவாதுனு நெனச்சிக்கினு போவேன்கா. இந்த மலைய நம்பி இல்ல. உன்ன நம்பி."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. முதல் தடவையாக வரவில்லை.

"முதல்லேர்ந்து நட," என்றாள்.

"பத்தொம்போது இருக்கே?"

"சரி, பத்தொம்போத ஒத்துக்கிறேன். முந்தாநாளு மேடத்தோட நடந்ததையும் சேத்து இருபது. மிச்சம் எண்பத்தெட்டு. ஒரு அடி வுடாம நடக்கணும். நானே கூட வந்து பாக்கிறேன்."

குழம்பை வைத்துவிட்டுத்தான் போனாள். நெர்மின் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு படியிலேயே நின்றிருந்தார். வார்த்தை புரியாவிட்டாலும் வசூல் ஆனது புரிந்திருக்கும்.

22 பிப்ரவரி, சனி

சுவரில் இருந்த வரைபடத்தை நெர்மின் கழற்றிவிட்டார். பதிப்பாளருக்கு இன்னும் சொல்லவில்லை. ஆறு நாள்தான் இருக்கிறது. என்னோடு பேசுகிறார், ஆனால் ரோட்டில் பள்ளம் பார்த்து ஓட்டுகிறவர் மாதிரி.

சாயங்காலம் சர்தாரைக் கூப்பிட்டு, நெஞ்சில் கை வைக்காமல் பதில் சொல்லச் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன், தண்டனை மாதிரி.

"எத்தனை பேர் இப்படி உன் வண்டியில் ஏறியிருக்கிறார்கள்?"

"கணக்கே இல்ல மேடம். கால் வீங்கினவங்க, கொழந்தையத் தூக்கினவங்க, மழை புடிச்சிக்கினவங்க. எறங்கினதும் எல்லாரும் நடந்த மாதிரிதான் போவாங்க. எங்க தாத்தா ஜட்கா ஓட்டினாரு. அதுலயும் ஏறினாங்க. யாராச்சும் ஊருக்குப் போயி, நான் ஜட்காவுல போனேன்னு சொல்லியிருப்பாங்களா? கிரிவலம் போனேன்னுதான் சொல்லுவாங்க."

நெர்மின் பேனாவை எடுத்தார். ஜட்கா என்ன வேகம், குதிரைக்கு எங்கே தண்ணீர், எந்த இடத்தில் ஆள் ஏறுவார்கள், எந்த இடத்தில் இறங்கி நடந்தவர் மாதிரி ஆவார்கள். இரண்டு மணி நேரம் எழுதினார். பவுலைக்கூட ஒரு தடவை ரோமானியச் சிப்பாய்கள் மிருகத்தின் மேல் ஏற்றிக் கொண்டுபோனதாகக் குறிப்பு இருக்கிறதாம். அது கைதியாகப் போனபோது, அதனால் எழுதினார்கள். சும்மா போனபோது யாராவது ஒரு மாட்டு வண்டிக்காரன் 'ஏறிக்கோ சாமி' என்று சொல்லியிருந்தால் யார் எழுதப் போகிறார்கள்?

"கேட்டீங்களாக்கா," என்றான் சர்தார் என்னிடம், "நம்ம லைனு பழைய லைனு."

28 பிப்ரவரி, வெள்ளி

அனுப்பிவிட்டார். இருபத்தாறு பக்கமாக இருந்தது ஒன்பது பக்கமாகிவிட்டது. வேண்டுதல் வேகம் போயிற்று; கடைசி மைல்களில் பவுல் வேகம் எடுத்தது போயிற்று. பழைய பயணக் குறிப்புகளில் தூரத்தை வைத்து நடையின் வேகத்தை அளக்க முடியாது, நடுவில் ஏறியவர்கள் எழுதமாட்டார்கள் என்று இருக்கிறதாம். நான்காம் எண்ணின் மூன்று அட்டைகள் நீக்கப்பட்டன, காரணம் இன்னது என்று அடிக்குறிப்பு. என் பெயர் வேண்டாம் என்று அவரே எடுத்துவிட்டார். நான் போடச் சொன்னேன். பஜ்ஜியையும்.

4 மார்ச், செவ்வாய்

பதிப்பாளரின் பதில். இரண்டே வரி. பின்னட்டைக்கு வேறு அத்தியாயம் பார்த்துக்கொள்கிறார்கள். புத்தகம் இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் யோசிக்கலாம்.

நெர்மின் அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பழைய அத்தியாயம் பிரமாதமாக இருந்தது, மணி."

"ஆமாம் மேடம்," என்றேன். "கஷ்டப்பட்டு எழுதினது."

சிரித்தார். அந்தச் சுற்றுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

6 மார்ச், வியாழன்

கிளம்பிவிட்டார். அடுத்து வருகிறவர்களுக்குக் காட்ட வீட்டைப் பற்றி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: 'அறை சுத்தம். காபி நன்று. வீட்டுக்கார அம்மா சொல்வதைக் கூடவே நடந்து சரிபார்த்துக்கொள்ளவும். அது மதிப்புள்ள நடை.'

இவர் படித்துவிட்டு, "கடைசி வரி பரவால்ல"ன்றார்.

17 மார்ச், திங்கள்

இருபத்திரண்டாவது. (நடுவில் இரண்டு திங்கள் முட்டி லீவு எடுத்துக்கொண்டது.) சொன்னபடி தனமும் வந்தாள், என் காலைக் கண்காணிக்க. நிருதி லிங்கத்தில் அவள் தண்ணீர் பாட்டில் காலி. வருண லிங்கத்தில், "இன்னும் எவ்ளோக்கா?"னு கேட்டாள். பாதிகூட வரலை என்றேன். அதற்கப்புறம் அவள் என் காலைப் பார்க்கவில்லை.

அடி அண்ணாமலையில் சர்தார் வண்டியை ஓரம் கட்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த காற்றைப் பார்த்து, "ஏறுறீங்களாக்கா?" என்றான்.

தனம் என்னைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வேண்டிக்கினது நீதானே. நான் வேண்டிக்கலையே. குபேர லிங்கத்துல ஒக்காந்திருக்கேன், மெதுவா வா."

ஆட்டோ போய்விட்டது. நான் நடந்தேன். முட்டி திட்டிக்கொண்டே வந்தது. வாயு லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் தெரு கணக்கு டீச்சர் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்.

"எங்க உங்க தங்கச்சி? சேர்ந்துதானே கிளம்பினீங்க?"

"அவ முன்னாடி போயிட்டா டீச்சர்," என்றேன்.

"அடேயப்பா. இன்னா நடை."

"ஆபரேஷன் ஆன ஒடம்பு வேற," என்றேன்.